ஒழுங்கைச் சந்தை: யாழ்ப்பாண நாட்குறிப்பு

திங்கள், இரவு

நாகப்பட்டினத்தில் காலையில் கப்பல் ஏறி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் காங்கேசன்துறையில் இறங்கிவிட்டேன். ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல். 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. இடையில் நின்றுபோய் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆனி முடிந்து ஆடி பிறக்கப்போகும் நாட்களில் சோளகக் காற்று ஓயாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஓயவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வரிசைக் குடும்பத்துக்குத்தான் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது.

கோயில் பார்க்கவா, சொந்தக்காரர் வீட்டுக்கா என்று கப்பலில் ஆளாளுக்குக் கேட்டார்கள். சந்தைக்கு என்றேன். யாரும் நம்பவில்லை. கொக்குவிலில் இருக்கும் நண்பர் போன மாதம் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "ஆடிப்பிறப்பண்டு எங்கட பக்கத்து ஊரில ஒழுங்கையில சந்தை வைக்கினம். கூழ் இருக்கு, மேளம் இருக்கு. வந்திட்டுப் போவன்." ஒழுங்கை என்றால் நம் ஊர்ச் சந்து. கும்பகோணத்துப் பக்கத்தில் பிறந்தவனிடம் மேளம் இருக்கிறது என்று சொன்னால் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

துறைமுகத்திலிருந்து வெளியே வந்து பேருந்து பிடித்தேன். காங்கேசன்துறை வீதியில் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வீடுகளுக்கு நடுவே திடீரென்று செம்மண் தோட்டம், அதன் நடுவில் கிணறு, எட்டத்தில் பனை. வண்டிக்குள் இளையராஜா. தஞ்சாவூர்ப் பேருந்தில் கேட்ட அதே வரிசையில் பாட்டுகள் வந்தன என்று சத்தியம் செய்வேன்.

தங்குவது கொக்குவிலில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. வீட்டுக்கார அண்ணை ஓய்வுபெற்ற ஆசிரியர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு, கூடவே நறுக்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம். பிட்டுக்கு மாம்பழமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அண்ணை தன் தட்டில் இரண்டையும் சேர்த்துப் பிசைந்துவிட்டார். நானும் பிசைந்தேன். மாம்பழக் காலம் முடியப்போகிறதாம். அதற்குள் வந்தது என் அதிர்ஷ்டம்.

செவ்வாய்

ஒழுங்கைச் சந்தை வியாழக்கிழமைதான். அதற்கு முன்னால் பெரிய சந்தைகளைப் பார்த்துவிடு, அப்போதுதான் இவர்கள் ஏன் தனியாக ஒன்று வைக்கிறார்கள் என்பது பிடிபடும் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஆகவே விடியற்காலையில் அண்ணையின் சைக்கிளை வாங்கிக்கொண்டு திருநெல்வேலி போனேன். நம் திருநெல்வேலி இல்லை, பலாலி வீதியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கும் திருநெல்வேலி.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழை பெய்தால் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைக் கணக்கில் சேர்த்தால் ஒன்று. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் முழு விவசாயமும் நடக்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்தவைதான் காலை ஆறு மணிக்குச் சந்தைத் தரையில் குவிந்து கிடந்தன: கத்தரிக்காய், பயற்றங்காய், பாவற்காய், மரவள்ளி, கட்டுக்கட்டாகச் சின்ன வெங்காயம். வாழைக்குலைக்குத் தனி இடம். இதரை, கப்பல் என்ற வாழை வகைகள் நீர்வேலிப் பக்கத்திலிருந்து வருகின்றன. சைக்கிளின் பின் கரியரில் இரண்டு குலை கட்டி வந்த பெரியவர் ஒருவர், இறக்குவதற்கு முன்னாலேயே விலை பேசி முடித்துவிட்டார்.

விலை பேசுவதைக் கேட்கத்தான் நான் அங்கே இரண்டு மணி நேரம் நின்றேன். நம் ஊர் மொத்த மண்டி போலத்தான், ஆனால் குரல்கள் தாழ்ந்தவை. வாங்குபவர் ஒரு விலை சொல்வார், விற்பவர் பேசாமல் நிற்பார். அவர் பேசாமல் நின்றால் விலை போதாது என்று அர்த்தம். மூன்றாவது முறை விலை ஏறிய பிறகுதான் "சரி, எடுங்கோ" என்கிறார்கள்.

அங்கிருந்து சுன்னாகம். இது இன்னும் பெரியது, இன்னும் நெரிசல். சந்தைக்கு வெளியே வெற்றிலைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் வெற்றிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் 1966 அக்டோபரைப் பற்றிச் சொன்னார். தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போன மாதம் அது. ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தும் கலைக்க முடியவில்லை. தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் எல்லோரும் நுழைவதற்கான போராட்டங்கள் அதன் பிறகு சில வருடங்கள் நடந்தன. "இந்த ரோட்டாலதான் போனது" என்று கையைக் காட்டினார். அந்தக் கையில் சுண்ணாம்பு.

மதியத்துக்கு மேல் விவசாயி ஒருவரின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார் நண்பர். வெங்காயம் காயப்போட்டிருந்தார். அவருடைய மனக்குறை ஒன்றே ஒன்று: கழிவு. எந்தச் சந்தை என்று நான் எழுதப்போவதில்லை. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டுத்தான் காசு கணக்குப் பார்க்கிறார்களாம். அழுகல் போகும், காம்பு போகும் என்பது வாங்குபவர் பக்கத்து நியாயம். "என்ர வெங்காயத்தில என்னண்டு பத்துக் கிலோ அழுகும்? பாருங்கோ" என்று ஒரு கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். நான் பார்த்தவரையில் ஒன்றுகூட அழுகவில்லை.

வியாழக்கிழமை அவரும் வருகிறாராம், வெங்காயத்தோடு. அங்கே கழிவு இல்லை.

புதன்

நூலகமும் கோட்டையும் இன்று காலை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு முன்னால் நிறையப் பேர் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். உள்ளே பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாமல் ஒரு சுற்று நடந்துவிட்டு வெளியே வந்தேன். கோட்டை போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தது. வெயில் தாங்கவில்லை. பண்ணைக் கடலோரக் காற்றுக்காக மதில்மேல் கொஞ்ச நேரம் நின்றதோடு சரி.

நகரச் சந்தையில் கூழுக்கு வேண்டிய ஒடியல் மாவைப் பார்த்தேன். பனம் விதையைப் பாத்தியில் புதைத்தால் முளை கீழே இறங்கிக் கிழங்காகிறது. அதைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம், பல் இருந்தால். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. பனங்கட்டியும் (நம் கருப்பட்டி) பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டும் பொதியில் அடைத்து வருவதற்கு அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனாலும் ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டிக்கு மணம் வேறு. மூன்று குட்டான் வாங்கினேன். அறைக்கு வருவதற்குள் ஒன்று காலி.

பிற்பகல் இணுவில். இதற்காகத்தான் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. தவில் என்றால் தஞ்சாவூர் என்று நெஞ்சை நிமிர்த்தும் ஊரிலிருந்து வருகிறேன். ஆனால் அங்கேயே பெரியவர்கள் தவில் பேச்சை எடுத்தால் கடைசியில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியிடம்தான் வந்து நிற்பார்கள். இணுவிலில் பிறந்தவர், அளவெட்டியில் வாழ்ந்தவர், தமிழ்நாட்டு நாதஸ்வர வித்வான்கள் பலருக்கு வாசித்தவர். 1975இல், 42 வயது நிரம்புவதற்குள் போய்விட்டார். என் தாத்தா அவர் வாசித்த ஒரு கல்யாணக் கச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது கை தானாகத் தொடையில் தட்டும். சொல் சொல்லாக அவருக்கு நினைவிருந்தது. கல்யாணம் யாருக்கு என்பதுதான் மறந்துபோனது.

நாளை ஒழுங்கையில் வாசிக்கப்போகிறவர்களின் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். நாதஸ்வரக்காரர் ஐம்பது தாண்டியவர். தவில் அவருடைய மருமகன், இருபத்தைந்து இருக்கலாம். நான் கும்பகோணம் என்றதும் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் துணியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பிடிச்சுப் பாருங்கோ. இது உங்கட பக்கத்துச் சாமான்தான்."

நரசிங்கம்பேட்டையில் செய்தது. எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்விடலாம். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. எத்தனையோ முறை அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே செய்த வாத்தியத்தைக் கையில் வாங்கியது கடல் தாண்டி வந்த பிறகு.

மருமகன் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கமான வலந்தலையை அந்தக் கூட்டு விரல்களால், மறுபக்கமான தொப்பியைக் கழியால். பலாக்கட்டை உருளையின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு மொழி. கீழ்க்காலத்தில் மெல்ல ஆரம்பித்துச் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அவசரமே இல்லை. என் ஊரில் இப்போது பல பேர் முதல் நிமிடத்திலேயே வேகத்தைக் காட்டிவிடுகிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது, பிறகு போக இடம் இருப்பதில்லை. இந்தப் பையன் ஒரே நடையில் பத்து நிமிடம் இருந்தான். மாமா கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார், ஒருமுறை மட்டும் "ம்" என்றார். அந்த "ம்" பாராட்டா கண்டனமா என்று எனக்குப் புரியவில்லை. பையனுக்குப் புரிந்தது, அதே இடத்தை இரண்டாம் முறை வேறு மாதிரி வாசித்தான்.

நாளைக்கு மைக் உண்டா என்று கேட்டேன்.

"எங்களுக்கு வேண்டாம். பிறகு வாற பெடியளுக்குத்தான்."

வியாழன், நள்ளிரவு தாண்டி

ஆடி முதல் நாள். காலையில் அண்ணை வீட்டிலேயே ஆடிக்கூழ். இது இனிப்புக் கூழ், ஒடியல் கூழுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, மேலே சின்னச் சின்னத் தேங்காய்ச் சொட்டு. பலா இலையைக் கோலிக் குச்சி குத்தி அதையே கரண்டியாகக் கொடுத்தார்கள். கூடவே கொழுக்கட்டை. அண்ணையின் மனைவி நாலாவது கொழுக்கட்டையை வைக்கும்போது தட்டைக் கையால் மூடிப் பார்த்தேன். கையின் மேலேயே வைத்துவிட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கே அந்த ஊருக்குப் போய்விட்டோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அது அவர்கள் கேட்டுக்கொண்டது, காரணம் பின்னால் வரும். காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கை, இரண்டு பக்கமும் வீட்டு மதில்களும் கதியால் வேலியும். ஒரு முனையில் சின்ன வைரவர் கோயில், மறுமுனையில் சனசமூக நிலையம். யாழ்ப்பாணத்தில் அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு நிலையம் உண்டு. ஒரு கூடம், நீள மேசை, அதன்மேல் அன்றைய உதயன், வலம்புரி பத்திரிகைகள், சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். சந்தையை நடத்துவது நிலையத்துக்காரர்களும் ஊர்ப் பெண்கள் சங்கமும். வருடத்தில் சில முறைதான். கடை போட ஒரு மேசைக்கு 200 ரூபாய். நம் காசில் 60 ரூபாய்க்குள். வெளியூர் வியாபாரிக்கு இடம் கிடையாது. தன் வீட்டில் செய்தது, தன் தோட்டத்தில் விளைந்தது, இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்.

கூழ்க் கிடாரம் மூன்று கல் அடுப்பில் ஏற்கெனவே ஏறியிருந்தது, கீழே பனை மட்டை எரிந்தது. பொறுப்பாளர் அறுபது வயதிருக்கும் அம்மா ஒருவர். சுற்றி நாலைந்து பெண்கள். அவர் ஒருவர்தான் உப்புப் பார்க்கலாம் என்பது சட்டம். முதலில் கொதிநீரில் ஒரு கை அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய். அவை வெந்ததும் மீன் தலைகள், நண்டு, இறால், கணவாய். குருநகரில் காலையில் வாங்கியதாம். அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை ஊற்றி ஊற்றி, கசப்பை எடுத்து வைத்திருந்தார்கள். அது கடைசியில்தான் போகிறது. மா விழுந்த உடனே கிடாரத்தின் சத்தம் மாறியது. சலசல என்று கொதித்தது போய், இடைவெளி விட்டுப் பொளக், பொளக் என்று மூச்சு விட்டது. அம்மா அகப்பையை உயர்த்தி ஒழுகவிட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தண்ணி" என்றார். முருங்கை இலையை உதிர்த்துப் போட்டார்.

என்னிடம் திரும்பினார். "எந்த ஊர் தம்பி?"

"கும்பகோணம், அம்மா."

"உறைப்புத் தின்னுவியளோ?"

தின்பேன் என்றேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அது நல்ல அறிகுறி இல்லை.

நாலரைக்கு மேசைகள் நிறைந்துவிட்டன. ஒரு பக்கம் தட்டை வடை. பருத்தித்துறை முறை, மொறுமொறுவென்று பிளந்து விழுவது. அடுத்து மிதிவெடி சுடும் ஒரு இளம் தம்பதி. முட்டையைப் பாதியாக வெட்டி மசாலாவோடு பொதிந்து பொரித்த பெரிய ரோல்ஸ் அது. போரில் வளர்ந்த ஒரு ஊர் பலகாரத்துக்குப் பெயர் வைக்கும் விதத்தை நினைத்தேன். அதற்குள் அந்தத் தம்பதியின் சின்னப் பெண் "சூடா இருக்கு, ஊதித் தின்னுங்கோ" என்று கையில் கொடுத்துவிட்டாள். அடுத்தடுத்த மேசைகளில் வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய், வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை. ஓலை வேலை செய்யும் பாட்டி ஒருவர் சுளகு, கடகம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி எல்லாம் வைத்திருந்தார். பேரம் பேச முயன்ற ஒரு பெண்ணிடம் "உமக்கு ஓலை வார்ந்து தாறன், நீரே இழையும்" என்று கத்தியை நீட்டினார். அந்தப் பெண் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனார்.

நேற்று முன்தினம் பார்த்த வெங்காயக்காரரும் வந்திருந்தார். மாலை ஆறு மணிக்குள் அவருடைய சாக்கு தட்டையாகிவிட்டது. பெரிய சந்தையில் கிடைத்ததைவிட நல்ல விலையா என்று கேட்டேன். "விலை கொஞ்சம்தான் கூட. ஆனா தராசு என்ர" என்றார்.

ஐந்து மணிக்கு வைரவர் கோயில் வாசலில் மேளம் தொடங்கியது. மேடை இல்லை, மைக் இல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு நிமிடம் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தினார். பிறகு கல்யாணி ராகம். ஒழுங்கை குறுகலானது, இரண்டு பக்கமும் மதில். அந்த மதில்களுக்கு நடுவே நாதஸ்வரத்தின் சத்தம் எங்கும் சிதறாமல் நேராக வந்தது. நான் கோயிலில் கேட்டிருக்கிறேன், கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன், சபாவில் மைக் வைத்து நாசமாக்கியும் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு அளவெடுத்த இடத்தில் கேட்டதில்லை. அவர்கள் வாசித்துக்கொண்டே மேசைகளுக்கு நடுவில் மெல்ல நடந்து வந்தார்கள். எந்த மேசையைத் தாண்டுகிறார்களோ அங்கே வியாபாரம் நின்றது, தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தது. விற்பவர்களே கேட்பவர்கள். வடைக்காரப் பெண் சட்டியில் இருந்த வடைகளைத் திருப்ப மறந்து நின்றார்; கருகிய ஆறேழு வடையைப் பக்கத்தில் நின்ற பையன்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். அவர்களுக்கு அன்றைய சிறந்த வாசிப்பு அதுதான்.

சனசமூக நிலையத்தின் வாசலில் வந்து நின்று தவில் தனி. மருமகன் நேற்றுத் திண்ணையில் எங்கே "ம்" வாங்கினானோ அந்த இடத்துக்கு வந்தான். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். மாமா பக்கத்தில் நின்ற பெரியவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. திரும்பத் தேவையில்லாமல் இருந்தது போலிருக்கிறது. பையன் முகத்தில் அவ்வளவு சிரிப்பு.

அதன் பிறகுதான் கூழ். பனங்குருத்து ஓலையில் கோலிய பிளாவில் வார்த்துக் கொடுத்தார்கள், 150 ரூபாய். நின்றுகொண்டே வாயருகில் கொண்டுபோனேன்.

"இருந்து குடியுங்கோ தம்பி. நிண்டுகொண்டு குடிக்கிற சாமானில்லை இது."

பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். முதல் வாய் புளி, பிறகு கடல், அதற்குப் பிறகு மிளகாய். மிளகாய் வந்த பிறகு வேறு எதுவும் வராது என்று நினைத்தேன். கடைசியில் ஒடியலின் மெல்லிய கசப்பு நாக்கின் ஓரத்தில் நின்றது. நண்டுக் காலைக் கையால் எடுத்து உறிஞ்ச வேண்டும். எனக்கு ஒரு பக்கம் வங்கி மேலாளர் ஒருவர், மறுபக்கம் காலையில் மரம் ஏறிவிட்டு வந்த, கள் இறக்கும் சீவல் தொழிலாளி. மூவருக்கும் மூக்கு ஒழுகியது. சுன்னாகத்து வெற்றிலைக்காரர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். ஒரே கிடாரம், ஒரே அகப்பை, பக்கத்தில் பக்கத்தில் இருக்கை. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் இந்தக் காட்சிக்காக ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு வரும்போது பாருங்கள் என்றுதான் நண்பர் சொன்னார்.

இரண்டாவது பிளா கேட்டேன். அம்மா ஊற்றிக்கொண்டே கேட்டார், "உதெல்லாம் எழுதப்போறியளோ?"

எழுதுவேன் என்றேன்.

"எழுதுங்கோ. ஆனா ஊர்ப் பேரைப் போடாதையுங்கோ. பேந்து சனம் பஸ் பிடிச்சு வந்து இறங்கினால் கூழ் காணாது."

காரணம் இதுதான். இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை. கிடாரத்தின் அளவு தெரிந்தவர் சொல்வது. கூட்டம் பெருகினால் இரண்டாவது கிடாரம் வேண்டும், இரண்டாவது கிடாரத்துக்கு வெளி ஆள் வேண்டும், வெளி ஆளுக்குக் கூலி, கூலிக்கு விலை ஏற்றம். அப்புறம் தன் வீட்டில் செய்தது என்ற சட்டம் எங்கே நிற்கும்?

ஏழு மணிக்கு மேல் நிலையத்து வாசல் மேடையில் பள்ளிப் பெண்கள் பாடினார்கள். அவர்களுக்குப் பின் எழுபதைத் தாண்டிய ஒருவர் ஹார்மோனியத்தோடு வந்து பழைய இசை நாடகப் பாட்டுகள் பாடினார். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று ஊர் ஊராக விடிய விடிய அழவைத்த காலத்தில் சின்ன வேஷம் கட்டியவராம். குரல் தேய்ந்துவிட்டது. மேல்ஸ்தாயி வரும்போது அவர் நிறுத்திவிடுவார். முன்வரிசைக் கிழவர்கள் அந்த வரியைப் பாடி முடிப்பார்கள். யார் பாடகர், யார் சபை என்று பிரிக்க முடியாத அரை மணி நேரம்.

அப்புறம் வந்தது மெல்லிசைக் குழு. கீபோர்டு, ஆக்டோபேட், என் உயரத்துக்கு நாலு ஒலிபெருக்கி. முதல் அடியிலேயே எள்ளுருண்டைப் பாட்டி காதைப் பொத்திக்கொண்டு மேசையை ஏறக்கட்டிவிட்டார். விலை கேட்டால் காது கேட்கவில்லை; விரலை விரித்துக் காட்டி வியாபாரம் நடந்தது. மூன்று மணி நேரம் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த ஒழுங்கை ஐந்து நிமிடத்தில் ஊமையானது. எனக்குக் கோபம். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அதுவரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து தூரத்தில் நின்ற இளவட்டங்கள் எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் மிச்சமிருந்த மிதிவெடி முழுவதையும் தீர்த்தார்கள். தவில் வாசித்த பையனும் அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக ஆடிக்கொண்டிருந்தான். மாமா கச்சான் கடலை கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி, கப்பலில்

பிற்பகல் கப்பல் என்பதால் காலையில் நண்பரோடு மறுபடி அந்த ஒழுங்கைக்குப் போக நேரம் இருந்தது. நிலையத்துக் கூடத்தில் கணக்குக் கூட்டம். பத்திரிகைகளை ஒதுக்கிவிட்டு மேசையில் காசைப் பரப்பியிருந்தார்கள். மேசை வாடகை, கூழ் விற்ற காசு, ஒரு பக்கம். மீன், மேளக்காரருக்கு, ஒலிபெருக்கிக்கு, இன்னொரு பக்கம். மேளக்காரருக்குக் கொடுத்ததைவிட ஒலிபெருக்கி வாடகை அதிகம் என்பது தெரிந்தபோது கூடத்தில் கொஞ்சம் சலசலப்பு. மிஞ்சியது வாசிப்பறைக் கூரைக்கு.

வெளியூர்க்காரன் என்ன நினைக்கிறேன் என்று தலைவர் கேட்டார். கேட்டது மரியாதைக்குத்தான், ஆனாலும் சொன்னேன்: ஒலிபெருக்கி வேண்டாம், மேளத்தை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டுங்கள், அந்தக் காசை அவர்களுக்கே கொடுங்கள். கிழவர்கள் தலையாட்டினார்கள். நிலையத்தின் செயலாளர் இருபது வயதுப் பெண், அவர் தலையாட்டவில்லை.

"அண்ணா, நீங்கள் இண்டைக்குப் போயிடுவியள். எங்கட பெடியள் வராட்டி அடுத்த வருசம் மேசை தூக்க ஆர் இருக்கினம்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கூழம்மாவிடமும் இல்லை, அவர் வேறு கேள்வி கேட்டார். ஒலிபெருக்கியைக் கிடாரத்துக்குப் பக்கத்தில் வைத்தது யார்? அதிர்வில் அகப்பை விழுந்ததாம்.

கடைசியில் தீர்மானம் இப்படி: அடுத்த சந்தை நல்லூர்க் கோயில் திருவிழாவின் தீர்த்தம் முடிந்த பிறகு. மேளம் ஐந்து மணிக்கு, இந்த முறையைவிட அரை மணி நேரம் கூட. மெல்லிசைக் குழு உண்டு, எட்டு மணிக்கு மேல், ஒலிபெருக்கி நாலுக்குப் பதில் இரண்டு, கிடாரத்திலிருந்து எட்ட. கூழ் விலையை 200 ஆக்கலாமா என்ற கேள்விக்கு அம்மா ஒரே சொல்லில் பதில் சொன்னார்: "இல்லை."

காங்கேசன்துறையில் பையை நிறுத்துப் பார்த்தார்கள். பனங்கட்டிக் குட்டான், வேப்பம்பூ வடகம், நீத்துப்பெட்டி ஒன்று, மிளகாய்த்தூள் இரண்டு கிலோ. சோதனை செய்த அலுவலர் தூள் பொதியை முகர்ந்து பார்த்துத் தும்மினார், பிறகு எந்த வீட்டில் வாங்கினது என்று கேட்டார். ஊர்ப் பெயரை அவரிடமும் சொல்லவில்லை.